நிழலுக்குத் தனி அனுமதி

மர்பி டவுனிலிருந்து நடந்தே போகிற தூரத்தில், பெரிய மரங்களுக்கு நடுவே ஒரு கல் தோரணம் நிற்கிறது. ஏதோ ஒரு சண்டையில் யாரையோ ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் ஒரு வெள்ளைக்காரத் தளபதி கட்டியது. ஜெயித்தவர் யார், தோற்றவர் யார் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் தகராறு தீரவில்லை. இரண்டு பக்கமும் செத்தவர்கள் நம் ஊர்ச் சிப்பாய்கள் என்பதில் மட்டும் யாருக்கும் தகராறு கிடையாது. தோரணத்துக்கு முன்னால் நீளமாக ஒரு குளம். காலை வெயில் சாய்வாக விழும்போது தோரணம் முழுவதும் அந்தத் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். அதைப் பார்க்கத்தான் ஊர் ஊராக ஜனங்கள் வந்தார்கள். கண்டோன்மென்ட்காரர்கள் அந்தக் கல் வாசலைக் 'கல்லு கேட்டு' என்றார்கள்.

நூறு வருஷத்துக்கு மேல் அந்தக் கல்லு கேட்டு யார் தயவும் இல்லாமல் நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தது. பிறகு அதைப் பாதுகாக்க ஒரு வாரியம் வந்தது. வந்ததும் முதல் காரியமாகத் தோரணத்தின் இடது காலில் நாலு ஆணி அடித்து, 'கல்லில் ஆணி அடிக்காதீர்' என்று பலகை மாட்டியது. இரண்டாவது காரியமாக, வளாகத்துக்குள் யாரும் போட்டோ எடுக்கக் கூடாது என்றது. எடுக்க எடுக்கக் கல் தேய்ந்துவிடும் என்று நிபுணர் ஒருவர் அறிக்கை கொடுத்திருந்தார். அவர் எதில் நிபுணர் என்று அறிக்கையில் இல்லை.

காந்தா அந்தக் குளத்தைச் சுத்தம் செய்கிறவள். தினக்கூலி. விடிந்ததும் புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு இறங்குவாள். பாசியை வழித்துப் போட வேண்டும், பால் பாக்கெட்டுகளைப் பொறுக்க வேண்டும், பிள்ளையார் சதுர்த்தி முடிந்தால் பிள்ளையாரின் கையையும் தும்பிக்கையையும் தேடி எடுக்க வேண்டும். இந்த வேலைக்கு வந்தபோது அவள் மகன் இடுப்பில் இருந்தான். இப்போது அவன் ஈஜிபுராவில் பெண்டாட்டியோடு தனிக்குடித்தனம் இருக்கிறான்; தீபாவளிக்கு வருவான், சாப்பிடுவான், போவான். புருஷன் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. தண்ணீரில் நின்று நின்று அவள் கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து, ராத்திரியில் தேங்காயெண்ணெய் தடவினால்தான் தூக்கம் வரும். இன்னும் கொஞ்ச நாளில் இந்தக் கால் இறங்காது என்று அவளுக்குத் தெரியும். அதற்குள் வேலை பெர்மனென்ட் ஆகிவிட்டால் பென்ஷன் உண்டு, ஆஸ்பத்திரிக்குச் சீட்டு உண்டு. ஆகாவிட்டால் ஒன்றும் இல்லை. அவள் வாழ்க்கைக் கணக்கு அவ்வளவுதான்.

தொண்ணூற்றேழில் அந்தச் செய்தி வந்தது. எண்பத்தைந்துக்கு முன்னாலிருந்து வேலை செய்கிற தினக்கூலி ஒருவரைப் பெர்மனென்ட் ஆக்கலாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். அந்த ஒருவர் காந்தாதான் என்று தோட்டக்காரனிலிருந்து டீக்காரன் வரை எல்லோருக்கும் தெரியும். நிர்வாக அதிகாரி சீனிவாசராகவனுக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததை எல்லாம் வைத்துக்கொண்டு ஒரு வாரியம் நடத்த முடியுமா? நிரூபணம் வேண்டும். அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டாமல், விளக்கமாகச் சொன்னார்.

"இதோ பாரும்மா. பேப்பர்ல யார் வேணா என்ன வேணா எழுதிண்டு வந்துடறா. நேத்திக்கு ஒருத்தன் வந்து, பத்து வருஷமா தோரணத்துக்கு வெள்ளையடிக்கறேங்கறான். கருங்கல்லுக்கு எப்பப்பா வெள்ளையடிச்சோம்னு கேட்டா முழிக்கறான். அதனால வாரியம் ஒரு முடிவு பண்ணியிருக்கு. போட்டோ. போட்டோல நீ இருக்கணும், தோரணம் இருக்கணும், தண்ணியில தோரணத்தோட பிரதிபிம்பம் இருக்கணும். மூணும் ஒண்ணா. அப்படி இருந்தா நீ எண்பத்தஞ்சுக்கு முன்னாடிலேர்ந்து இங்க வேலை பாக்கறேன்னு ஊர்ஜிதம் ஆயிடும்."

காந்தா கொஞ்சம் யோசித்தாள்.

"இப்ப புடிக்கிற போட்டோல எண்பத்தஞ்சு எப்படி சார் தெரியும்?"

"அப்ப எடுத்தது செல்லாதும்மா. அப்ப இங்க போட்டோ எடுக்க அனுமதி கிடையாது. அனுமதி இல்லாம எடுத்த படத்தை நீ கொண்டு வந்தேன்னா நானே உன்மேல கேஸ் போட வேண்டியிருக்கும். உன்கிட்ட ஏதாவது இருக்கா?"

"இல்ல சார்."

"நல்லவேளை," என்றார் சீனிவாசராகவன். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

"இப்ப அனுமதி இருக்குதா சார்?"

"இப்பவும் கிடையாது. கேட்டு எழுதிக் குடு, பரிசீலனை பண்றேன். மாசக் கடைசியில கமிஷனர் வர்றார். அதுக்குள்ள முடிச்சுக்கோ. அப்பறம் இந்த போஸ்ட் திரும்பிப் போயிடும்."

மர்பி டவுன் மார்க்கெட் முனையில் மௌரீன் என்கிற ஆங்கிலோ இந்தியப் பெண் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தாள். பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம், ஞானஸ்நானப் படம், செத்தவர்களை உட்கார வைத்து எடுக்கிற படம் வரைக்கும் அந்தப் பக்கத்தில் எல்லாம் அவள் கைதான். காந்தாவுக்காக அவளே மனுவை இங்கிலீஷில் எழுதினாள். எழுதும்போதே பல்லைக் கடித்தாள்.

"என்ன மேன் காந்தா இது. உன்னோட மூஞ்ச பாத்தாலே தெரியல? இந்த ஆளு டெய்லி உன்னைத் தாண்டித்தான் மேன் ஆபீசுக்குள்ள போறான்."

"அவரு நல்ல மனுசன்தான் மௌரீனம்மா. ரூல்சு அப்படி."

நாலைந்து நடைக்குப் பிறகு அனுமதி வந்தது. இருவரும் காமிராவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கேட்டில் காவலுக்கு இருந்த கிருஷ்ணப்பா உத்தரவை வாங்கி, உதட்டை அசைத்து அசைத்துக் கடைசி வரை படித்தார். காந்தாவும் அவரும் ஒரே டீயைப் பாதியாகக் குடிக்கிற சிநேகிதம். அதற்காகப் படிக்காமல் விடுவாரா? படித்துவிட்டு, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"இதுல கல்லுக்கு மட்டும்தான் பர்மிஷன் கொட்டிருக்காங்க காந்தம்மா. நிழலுக்கு இல்லவே. நிழலு தண்ணியில கீது. தண்ணி வேற செக்ஷன் அல்லவா."

"கல்ல புடிச்சா நிழலும் சேந்துதானே வரும்," என்றாள் காந்தா.

"அது வராத மாதிரி புடிச்சுக்கோங்க."

"வராத மாதிரி எடுத்தா அது செல்லாது மேன்," என்றாள் மௌரீன்.

கிருஷ்ணப்பா உண்மையிலேயே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே கேட்டைச் சாத்தினார்.

தண்ணீர்ப் பிரிவு, சீனிவாசராகவன் அறைக்கு எதிர் அறை. இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு நடைபாதை, ஒரு எச்சில் படிக்கம், பத்து வருஷப் பகை. இங்கிருந்து அங்கே ஒரு காகிதம் போக வேண்டுமென்றால் தபாலில் போகும். எஞ்சினியர் மஞ்சுநாத் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, காந்தாவின் விஷயத்தைக் கேட்டு, நெடுநாள் அடக்கி வைத்திருந்த துக்கத்தை வெளியே விட்டார்.

"நோடம்மா. கல்லு அவங்கது, தண்ணி நம்மது. அவங்க கல்லு தினம் காலையில நம்ம தண்ணியில வந்து விழுது. இத்தினி வருசமா விழுது. நாங்க ஏதாவது கேட்டமா? சும்னே விட்டோம். ஊரு பூரா இந்த நிழல பாக்கத்தான் வர்றாங்க. டிக்கெட்டு காசு யாருக்குப் போகுது? கல்லுக்கு. ரிப்பேருக்கு யாரு கிட்ட வர்றாங்க? தண்ணி கிட்ட. இப்ப நிழலுக்கு நான் பர்மிஷன் கொடுத்தா, நிழலு நம்மதுன்னு அவங்க ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும். அதனால கண்டிப்பா கொடுக்கறேன்."

காந்தா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஆனா தண்ணி அசையக் கூடாது. ஆடுற நிழல போட்டோ எடுத்தா டிபார்ட்மெண்ட்டுக்கு மரியாதை இல்ல. பாசியும் இருக்கக் கூடாது."

பாசி இருக்கக் கூடாது என்றால் யாராவது இறங்கி வழிக்க வேண்டும். வழிக்கிறவள் காந்தா. அவள் இறங்கினால் தண்ணீர் ஆடும். இந்தச் சிக்கலைத் தீர்க்க இரண்டு பிரிவும் சேர்ந்து கூட்டுக் கமிட்டி போட்டது. பகையாளிகள் ஒரே மேஜையில் உட்கார்ந்து மசால் வடை சாப்பிட்டார்கள். காந்தாவை வாசலில் நிறுத்தி வைத்து, நடுநடுவே உள்ளே கூப்பிட்டு, இப்படித் திரும்பு, அப்படித் திரும்பு என்று பார்த்தார்கள்.

"கரையில நின்னா இவ வேடிக்கை பாக்க வந்தவ மாதிரி தெரியும்," என்றார் சீனிவாசராகவன். "வேடிக்கை பாக்க வந்தவாளையெல்லாம் பெர்மனென்ட் பண்ண முடியுமா?"

"உள்ள நின்னா நம்ம தண்ணி ஆடும்," என்றார் மஞ்சுநாத்.

"முன்னாடியே இறங்கி, ஆடாம நின்னா?" என்றார் கமிட்டியில் ஒருவர்.

கமிட்டி இதை வியப்போடு யோசித்தது. ஒரு மனுஷி ஆடாமல் நிற்க முடியும் என்பது அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. விடியும் முன்னே காந்தா குளத்தைச் சுத்தம் செய்துவிட்டு நடுவில் போய் நின்றுகொள்ள வேண்டும். தண்ணீர் தெளிந்து அடங்கும்வரை அசையக் கூடாது என்று தீர்மானம் ஆயிற்று.

"மூச்சு வுடலாமா சார்?" என்று காந்தா கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

கமிட்டி தங்களுக்குள் பேசிக்கொண்டது. மெதுவாக விடலாம் என்று அனுமதித்தது. துடைப்பம் கூடாது என்றது. தேசத்தின் பெருமையைச் சொல்கிற ஒரு கல்லின் பக்கத்தில் துடைப்பம் தெரிந்தால் வெளிநாட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? கமிஷனர் வருகிற அன்றைக்கே போட்டோவையும் வைத்துக்கொண்டால் குளமும் சுத்தமாக இருக்கும், போட்டோக்காரியும் ஒருத்தியே போதும் என்று சீனிவாசராகவன் சொன்னார். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள்.

அந்தக் காலையில் நல்ல குளிர். காந்தா பாசி வழித்து முடித்து, நடுக் குளத்தில் முழங்கால் தண்ணீரில் போய் நின்றாள். மௌரீன் கரையில் ஸ்டாண்டை நிறுத்தினாள். வெயில் ஏறியது. தண்ணீர் அடங்கிக்கொண்டே வந்து, ஒரு சமயத்தில் சுத்தமாக நின்றது. தோரணம் தலைகீழாக அவள் கால் வரைக்கும் வந்து கிடந்தது. அவள் அதை அப்படி முழுசாகப் பார்த்ததே இல்லை. தினமும் அவள் இறங்கினால் அது உடைந்துபோகும், அவள் கரையேறி அது சேரும் நேரத்தில் அவள் ரோட்டோரம் குப்பை கொட்டப் போயிருப்பாள். இத்தனை வருஷம் இதைத்தானா வழித்து வழித்து வைத்தேன் என்று நினைத்துக்கொண்டாள். பெருமையாக இருந்தது. அழுதால் தண்ணீர் ஆடும் என்று அடக்கிக்கொண்டாள்.

"இப்ப எடுத்துடறேன் மேன், லைட் சூப்பரா இருக்கு," என்றாள் மௌரீன்.

"கமிஷனர் வராம பட்டனை அமுக்கப்படாது," என்றார் சீனிவாசராகவன். ஜரிகை வேட்டி கட்டியிருந்தார்.

கமிஷனர் வரவில்லை. வந்தது மைசூர் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகை, சந்தன மாலை, சால்வை, பழத்தட்டு. பழத்தட்டைப் பிடித்துக்கொள்ள சீனிவாசராகவனின் மைத்துனன் கிரண் வந்திருந்தான். பி.காம். பாதியில் விட்டவன், மீதியை எங்கே தொடங்குவது என்று அக்கா வீட்டில் இருந்து யோசித்துக்கொண்டிருந்தான். வெயில் உச்சிக்கு வந்தது. காந்தாவின் கால் முதலில் எரிந்தது, பிறகு மரத்தது, பிறகு அது தன் கால்தானா என்றே தெரியவில்லை. கெண்டைக்காலில் என்னவோ ஊர்ந்து கடித்தது. அவள் அசையவில்லை. கரையில் எல்லோரும் கிச்சடி சாப்பிட்டார்கள்.

கமிஷனர் ஒரு வழியாக வந்தார். பேட்டாவை வைத்தார்கள், அது அவர் மூக்கு வரை இறங்கியது. மாலை போட்டு, சால்வை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்தார்கள். பேட்டாவுக்கு அடியிலிருந்து அவர் பேசினார்.

"இந்தக் குளத்தைப் பாருங்கள். எவ்வளவு சுத்தம். இது தானாக வந்த சுத்தம் அல்ல. இந்த வாரியத்தின் ஒவ்வொரு அதிகாரியும் இதில் தன் வியர்வையைச் சிந்தியிருக்கிறார். இந்தத் தண்ணீரில் தெரிவது வெறும் கல் அல்ல. நாம்தான் தெரிகிறோம். தலைகீழாகத் தெரிந்தாலும் நாம்தான்."

கைதட்டல் முடிந்ததும் பேட்டாவைத் தூக்கிப் பார்த்தார்.

"அது யாரு தண்ணிக்குள்ள?"

"அப்ளிகென்ட் சார்," என்றார் சீனிவாசராகவன். "ஓரமா போகச் சொல்லிடட்டுமா?"

"அசைஞ்சா தண்ணி ஆடும் சார்," என்று மஞ்சுநாத் அவசரமாகக் குறுக்கிட்டார்.

கமிஷனர் பெருந்தன்மையானவர். "பரவால்ல, இருக்கட்டும். ஒரு ஆள் நின்னாத்தான் கல்லு எவ்வளவு உயரம்னு தெரியும்."

அப்புறம் நடந்தது, இந்த ஊரில் எந்த மேடையிலும் நடப்பதுதான். போட்டோ என்ற சொல் காதில் விழுந்ததும் அதிகாரிகள், அதிகாரிகளின் டிரைவர்கள், டிரைவர்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் எதிர்க்கரையில் தோரணத்துக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள். கிரண் பழத்தட்டோடு முன்வரிசை ஓரத்தில் நின்றான். மௌரீன் எவ்வளவோ விலகச் சொன்னாள். ஒருவரும் விலகவில்லை, இன்னும் நெருங்கினார்கள். எடுத்தாள். காந்தாவைத் தனியாக ஒன்று எடுக்க அவள் காமிராவைத் திருப்புவதற்குள், அனுமதி ஒரு படத்துக்குத்தான் என்று கிருஷ்ணப்பா வந்து லென்ஸை உள்ளங்கையால் மூடினார். 'சாரி' என்றார், ஆனாலும் கையை எடுக்கவில்லை. மௌரீன் செருப்போடு தண்ணீரில் இறங்கி, நடக்க முடியாத காந்தாவைத் தோளில் தாங்கிக் கரையேற்றினாள்.

படம் நன்றாகத்தான் வந்திருந்தது. கல் இருந்தது, நிழல் இருந்தது, நடுவில் காந்தா இருந்தாள். கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். ஒரு நாள் சீனிவாசராகவன் கூப்பிட்டார். அவர் முகம் இழவு வீட்டுக்கு வந்தவர் முகம்போல இருந்தது.

"படம் பிரமாதம்மா. அதான் கஷ்டம். நீ எங்க நிக்கறே பாரு."

"தண்ணியில சார்."

"குளத்துல இறங்கறது வாரியச் சட்டப்படி குற்றம். யாரும் கவனிக்கலே, ஆனா சட்டம் இருக்கு. இந்தப் படம் இப்ப அதுக்கு சாட்சி."

"நீங்கதானே சார் நிக்கச் சொன்னீங்கோ."

"நிக்கச் சொன்னது கமிட்டி. கமிட்டி கலைஞ்சாச்சு. சட்டம் கலையலே."

"நான் தெனம் எறங்கறேனே சார். எறங்காம எப்படி சார் பாசி வழிக்கறது?"

சீனிவாசராகவன் காதைப் பொத்திக்கொண்டார். "இதை வேற வெளியில சொல்லாதே. அத்தனை வருஷத்துக்கும் கேஸ் ஆயிடும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். எப்படியோ பேசி, அபராதம் இல்லாம, தினக்கூலியிலேர்ந்து பேரை மட்டும் எடுத்திருக்கேன். வேற யாராயிருந்தாலும் போலீஸ்தான்."

காந்தா அங்கேயே நின்றாள். உட்காரச் சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்தும் கண் நாற்காலியைத் தேடியது.

"அப்ப அந்த வேல?"

"சாங்ஷன் ஆன போஸ்டைத் திருப்பி அனுப்பினா அடுத்த தரம் குடுக்க மாட்டா. அதனால புதுக் கமிட்டி போட்டு, படத்துல நிபந்தனைக்குப் பொருத்தமா வேற யாரு இருக்கான்னு பாத்தோம். சட்டத்தை மீறாம, கரையில, தோரணத்தோட, பிரதிபிம்பத்தோட ஒருத்தர் நிக்கறார். கையில பழத்தட்டு."

"உங்க மச்சானா சார்?"

"அதை நான் பாக்கலேம்மா. என் சொந்தம்கறதால நான் அன்னிக்கு எழுந்து வெளியில போயிட்டேன். மனசாட்சின்னு ஒண்ணு இருக்கோல்லியோ."

"எண்பத்தஞ்சுல அந்தப் புள்ள இஸ்கோல் பையனா இருந்திருக்குமே சார்."

"படத்துல மூணும் இருக்கு," என்றார் சீனிவாசராகவன். மேஜை மேல் இருந்த படத்தைத் துடைத்து வைத்தார். காந்தா எத்தனையோ நாள் செத்த நாயைக் கையால் தூக்கி வெளியே போட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் அவள் மூக்கைப் பொத்தியதில்லை. இப்போது பொத்திக்கொண்டு நடைபாதைக்கு வந்தாள்.

கிரண் பெர்மனென்ட் ஆனான். சட்டப்படி அவன் குளத்தில் இறங்க முடியாது என்பதால் இறங்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தோரணத்தின் குளிர்ச்சியில் உட்கார்ந்து சினிமாப் பத்திரிகை படித்தான். குளம் பச்சையானது, பிறகு கறுத்தது. நிழல் போயிற்று. 'பிரதிபிம்பம் பராமரிப்பில் உள்ளது' என்று வாரியம் பலகை வைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணப்பா மர்பி டவுனுக்கு வந்தார். காந்தாவின் வீட்டில் உட்கார்ந்து, சுவரில் இருந்த அம்பேத்கர் படத்தைப் பார்த்தபடியே பேசினார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"டெல்லியில இருந்து யாரோ பெரிய மனுசங்க வர்றாங்களாம் காந்தம்மா. ஆபீசுல கொஞ்சம் கலாட்டா. கிரண் சாரு அவருக்குப் பதிலா, பத்லியா உன்னை வரச் சொல்றாரு. சம்பளத்துல பாதி உனக்குக் கொடுப்பாராம். ஆளு ஒள்ளே ஆளு, நல்ல மனுசன்தான்."

"பத்லியா?"

"ஆமா. எல்லா எடத்துலயும் நடக்கறதுதானே."

"என் வேலைக்கே நான் பத்லியா கிருஷ்ணப்பா?"

காந்தாவின் வீட்டில் அரிசி, பானை அடியைத் தொட்டு நாளாகியிருந்தது. பாதிச் சம்பளம் என்பது அவள் வாங்கிய தினக்கூலியைவிட ஜாஸ்தி என்பதும் அவளுக்குத் தெரியும். தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

"போய்ச் சொல்லு," என்றாள். "கொளத்துல எறங்கறது குத்தம்னு சொல்லித்தான் வூட்டுக்கு அனுப்பினாங்கோ. நான் குத்தம் செய்யற பொம்பள இல்லேன்னு சொல்லு. டீ குடிக்கிறியா?"

அதற்குப் பிறகு அவள் காக்ஸ் டவுனில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். அதுவும் தண்ணீரில் கை வைக்கிற வேலைதான், கால் தப்பித்தது. ஒரு நாள் போகிற வழியில் கல்லு கேட்டுச் சிக்னலில் பஸ் நின்றது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஊருக்குப் புதுசு போலிருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் முந்தானைக்குள்ளிருந்து கேட்டாள்.

"என்னக்கா இப்படி நாறுது, கொளமா?"

"கொளம் இல்லம்மா," என்றாள் காந்தா. "அதுக்குப் பின்னாடி தெரியுது பாரு, ஆபீசு."